கமராவுக்கு எதிரே ஆமை: கொழும்பிலிருந்து ஒரு பார்வை

கொழும்பில் குடியிருக்கும் ஒருவரிடம் ஆமை பார்க்க எங்கே போகலாம் என்று கேட்டால் கொஸ்கொட என்பார். கொஞ்சம் ஊர் சுற்றியவராக இருந்தால் ஹிக்கடுவ, ரெக்கவ என்று சேர்த்துச் சொல்வார். வெள்ளவத்தைக் கால்வாயை யாரும் சொல்வதில்லை. இத்தனைக்கும் சதுப்பு நிலத்தின் மேல் எழுந்த நகரம் இது. 2018 ஒக்டோபரில் துபாயில் நடந்த ராம்சார் மாநாட்டில், உலகிலேயே முதன்முதலாக ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் பெற்ற 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. கிருலப்பனை, வெள்ளவத்தை, தெஹிவளைக் கால்வாய்கள், கொட்டாஞ்சேனைப் பக்கத்துச் சென். செபஸ்தியன் கால்வாய், தியவன்னா ஓயா, பெல்லன்வில-அத்திடிய சரணாலயம் என்று நகரைச் சுற்றி நீர் நிற்கிறது, ஓடுகிறது. அந்த நீரில் ஆமைகள் இருக்கின்றன. நூற்றுக்கணக்கானோர் அன்றாடம் கடக்கும் பாலத்தின் கீழேயே அவை மூச்செடுக்க மேலே வருகின்றன.

இலங்கையில் இயற்கையாக வாழும் ஆமைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். கடலாமைகள் ஐந்து: பேராமை எனப்படும் பச்சை ஆமை, பங்குனி ஆமை, அழுங்காமை, பெருந்தலை ஆமை, தோணியாமை என்றும் ஏழுவரி ஆமை என்றும் சொல்லப்படும் தோல்முதுகு ஆமை. உலகில் உள்ள கடலாமை இனங்களே ஏழுதான். அவற்றில் ஐந்து இந்தத் தீவின் மணலில் முட்டையிடுகின்றன. நிலத்திலும் நன்னீரிலும் மூன்று: வறண்ட வலயத்து நட்சத்திர ஆமை, கறுப்பு ஆமை, பாலாமை. பாலாமையை இலங்கைக்கு மட்டுமே உரிய தனி இனமாக இப்போது வகைப்படுத்துகிறார்கள். சிங்கராஜக் காட்டுக்குள் நடந்து தேட வேண்டிய அபூர்வம் அல்ல அது. நம் வீட்டுப் பின்புறத்து வாய்க்காலில் நத்தை தின்று வாழ்கிறது.

இவற்றைக் காணும்போது நாம் என்ன செய்கிறோம் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. இன்று ஒருவர் ஆமையைக் கண்டால் கை தானாகவே தொலைபேசிக்குப் போகிறது. அதைக் குற்றமாகச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆமைக்கும் மனிதருக்கும் நடுவே இதற்கு முன் இருந்தவை கத்தியும் முட்டைக் கூடையும்தான். அவற்றோடு ஒப்பிட்டால் கமரா எவ்வளவோ மேல். ஆனால் கமராவும் ஆமைக்குத் தீங்கு செய்யும். எங்கே, எப்படிச் செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால், அதே கமராவால் ஆமைக்கு நிறைய நன்மையும் செய்ய முடியும்.

பழைய கதையை முதலில் பார்த்துவிடலாம். 1845 முதல் 1850 வரை இலங்கையில் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட், யாழ்ப்பாணச் சந்தையில் கடலாமை விற்கப்பட்ட விதத்தை எழுதி வைத்திருக்கிறார். ஆமையை உயிரோடு கிடத்தி, வாங்க வருபவர் கேட்ட பகுதியை அறுத்துக் கொடுப்பார்கள்; கடைசித் துண்டு விற்கும்வரை அது உயிரோடு கிடக்கும். வாசிக்கவே முடியாத பகுதி அது. நம் முன்னோரைப் பற்றிய செய்தி என்பதால் கண்ணை மூடிக்கொண்டு கடந்துவிட எனக்குத் தோன்றவில்லை. கொழும்புக்குத் தெற்கே பாணந்துறையில் 1840 ஒக்டோபரில் ஆமை இறைச்சி உண்ட 28 பேர் நோயுற்று, அவர்களில் 18 பேர் அன்றிரவே இறந்ததையும் அவர் குறித்திருக்கிறார். கடலாமை இறைச்சியில் சில வேளை நஞ்சு ஏறியிருப்பது இன்று மருத்துவம் அறிந்த விடயம். ஆமை தின்னும் கடலுணவிலிருந்து அந்த நஞ்சு வருவதாகக் கருதப்படுகிறது. சமைத்தாலும் அது போகாது. ஓட்டுக்காக அழுங்காமை வேறு வேட்டையாடப்பட்டது. 19ஆம் நூற்றாண்டில் கரையோரச் சிங்கள ஆண்கள் தலையில் செருகிய வளைந்த சீப்பு அந்த ஓட்டில் செய்ததுதான்.

டெனன்ட் தரும் இன்னொரு செய்திதான் எனக்கு முக்கியம். 1826இல் அம்பாந்தோட்டைக்கு அருகே பிடிபட்ட ஓர் அழுங்காமையின் துடுப்பில் ஒரு வளையம் இருந்தது. முப்பது ஆண்டுகளுக்கு முன் ஓர் ஒல்லாந்து அதிகாரி மாட்டிவிட்ட வளையம் அது. ஆமை அதே கரைக்குத் திரும்பி வருகிறதா என்று அறிய விரும்பியிருக்கிறார் அந்த மனிதர். பதில் கிடைத்தபோது இந்த நாட்டில் ஒல்லாந்தர் ஆட்சியே இல்லை. ஒரே விலங்கை மறுபடி அடையாளம் காண்பது என்ற அந்த ஆசைக்கு நாம் மீண்டும் வருவோம்.

கொட்டாஞ்சேனைக்கு வடக்கே முகத்துவாரத்தில் ‘அப்லண்ட்ஸ்’ என்றொரு பெரிய வீட்டின் தோட்டத்தில் வேறொரு நீண்ட ஆயுள்காரரும் இருந்தார். இந்து சமுத்திரத் தீவுகளிலிருந்து வந்த இராட்சத நில ஆமை அது. ஒல்லாந்தர் காலத்திலிருந்தே அங்கு வாழ்ந்ததாகச் சொல்லப்பட்ட அதைப் பார்க்க 19ஆம் நூற்றாண்டில் கப்பலில் வந்திறங்கியவர்கள் போனார்கள். கொழும்பில் ஆமையை ஒரு காட்சிப் பொருளாகப் பார்க்கப் போகும் வழக்கம் சுற்றுலாத்துறைக்கு முந்தியது.

சட்டம் பிறகுதான் வந்தது. தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937ஆம் ஆண்டினது. 1972இல் செய்த திருத்தத்தோடு கடலாமைகள் ஐந்துக்கும் பாதுகாப்புக் கிடைத்தது. பிடிப்பது, கொல்வது, இறைச்சியோ ஓடோ முட்டையோ வைத்திருப்பது எல்லாம் குற்றம். படம் எடுப்பது குற்றமல்ல. படம் எடுப்பதற்காகத் தூக்குவதும் முட்டைக் குழியைக் கிளறுவதும் வேறு விடயம்.

இப்போது கால்வாய்க்கு வருவோம். கறுப்பு ஆமைக்கு வெயில் காய்வது பிடிக்கும். பெத்தகான, தியசரு ஈரநிலப் பூங்காக்களில் மரப்பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். காலையில் வெயில் ஏறத் தொடங்கியதும் அதில் சத்தமில்லாமல் நடந்தால் நீரில் சாய்ந்து கிடக்கும் மரத்தண்டுகளில் அதைக் காணலாம். முதலில் மூக்கு நுனி மட்டும் நீருக்கு மேலே தெரியும். அப்படியே வெகுநேரம் நிற்கும். பிறகு ஒரு முன்கால் மரத்தைப் பற்றும், நகம் வழுக்கும், மறுபடி பற்றும். ஏறியதும் உடனே அமராது. கழுத்தை நீட்டி இரண்டு பக்கமும் பார்க்கும். ஆபத்தில்லை என்று தெரிந்த பிறகுதான் பின்கால்களை முழுதாகப் பின்னுக்கு நீட்டி, விரல்களை விரித்து, விரல் இடைத்தோலில் வெயில் படும்படி வைத்துக்கொள்ளும். அந்தப் பின்கால் நீண்டிருக்கும் படம்தான் நல்ல படம். ஆமை உங்களைப் பொருட்படுத்தவில்லை என்பதற்குச் சான்று அது. கழுத்தை உள்ளே இழுத்து, உடலை மரத்தோடு ஒட்டி வைத்திருக்கும் ஆமையின் படம் எவ்வளவு கூர்மையாக விழுந்தாலும் பயந்த விலங்கின் படம்தான்.

இதற்கு 300 மில்லிமீற்றருக்குக் குறையாத லென்ஸ் இருந்தால் நல்லது. கைத்தொலைபேசியால் முடியாது என்றில்லை, ஆனால் கிட்டப் போக வேண்டும் என்ற ஆவலை அது கிளப்பிவிடும். நீரின் பளபளப்பை வெட்டப் போலரைசர் கண்ணாடி உதவும். கமராவை ஆமையின் கண் மட்டத்துக்கு இறக்க வேண்டும். மேலே நின்று எடுத்தால் ஓடு தெரியும், முகம் தெரியாது. ஓர் ஆமை குதித்தால் பக்கத்தில் இருக்கும் எல்லாமும் குதித்துவிடும். வெயில் காய்வது அவற்றுக்குப் பொழுதுபோக்கல்ல. உடல் சூடேறினால்தான் உண்டது செரிக்கும், ஓட்டில் படியும் பாசியும் ஒட்டுண்ணியும் காயும். நாம் ஒரு படத்துக்காக அவற்றை நீரில் விழுத்தும் ஒவ்வொரு முறையும் அந்த நேரம் பறிபோகிறது.

பாலாமை இவ்வளவு இடம் கொடுக்காது. மென்மையான ஓடு, நீண்ட கழுத்து, குழாய்போல் நீண்ட மூக்கு. அடி ஓட்டின் பின்புறத்தில் இரண்டு மடல்கள் உண்டு. கால்களை உள்ளே இழுத்ததும் அவை கதவுபோல் மூடிக்கொள்ளும். பெரும்பாலும் சேற்றில் புதைந்து கிடக்கும். பலத்த மழைக்குப் பிறகு ஒழுங்கைகளில் நடந்து போகையில்தான் மனிதர் கண்ணில் படும். அப்படிக் கண்டால் படம் எடுத்துவிட்டு, அது எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்ததோ அந்தத் திசையிலேயே வீதியைக் கடக்க விடுங்கள். எதிர்த் திசையில் விட்டால் மறுபடி திரும்பி வாகனச் சில்லுக்குள் வரும். வீட்டுக் கிணற்றில் போடுவதும் கோயில் கேணியில் விடுவதும் நல்லெண்ணத்தில் செய்யப்படும் தவறுகள்.

கால்வாயில் இன்னொன்றும் தென்படக்கூடும்: காதுப் பக்கம் சிவப்புக் கோடு உள்ள சிறு ஆமை. அமெரிக்காவின் தென்பகுதியைச் சேர்ந்த செங்காது ஆமை அது. ரூபாய்க் குற்றி அளவில் கண்ணாடித் தொட்டிக்கு வாங்கப்பட்டு, தட்டளவு வளர்ந்ததும் யாரோ கால்வாயில் கொட்டியது. உலகின் மிக மோசமான ஊடுருவல் இனங்கள் நூறின் பட்டியலில் இதற்கு இடமுண்டு. வெயில் காயும் மரத்தண்டிலிருந்து உள்ளூர் ஆமைகளை இது தள்ளிவிடும். இதன் படம் அழகுக்காக அல்ல, பதிவுக்காகவே தேவை. எந்தக் கால்வாயில், எந்த மாதத்தில், எத்தனை என்று படங்களோடு குறித்து வைத்தால்தான் பரவும் வேகம் தெரியவரும். கைவிடப்பட்ட அந்த விலங்கின் மேல் எனக்குக் கோபமில்லை. தொட்டியில் அடைத்து விற்பவர்கள் மேல் இருக்கிறது.

கடற்கரைப் பக்கம் நிலைமை வேறு. வெள்ளவத்தையில் ரயில் பாதை கடலை ஒட்டியே ஓடுகிறது. பாதையைக் காக்கக் கருங்கற்களைக் கொட்டியிருக்கிறார்கள். பல இடங்களில் அலை நேரே கல்லில்தான் மோதுகிறது. அதைத் தாண்டினால் மரைன் டிரைவின் விளக்குகள். முட்டையிட உலர்ந்த மணலும் இருளும் தேவைப்படும் ஒரு விலங்குக்கு இதைவிடக் கடினமான கரை அமைவது அரிது. அப்படியிருந்தும் தெஹிவளை, கல்கிசைப் பக்கம் மணல் மிஞ்சிய இடங்களில் எப்போதாவது பங்குனி ஆமை ஏறுகிறது. குஞ்சுகள் இரவில் வெளிவந்து, வெளிச்சம் கூடிய திசையைக் கடல் என்று நம்பி நடக்கும். ஆளில்லாத கரையில் கடற்பரப்பே வெளிச்சமானது, நகரத்தில் வீதியே வெளிச்சமானது. இங்கே ஒரு குஞ்சைக் கண்டு ஃபிளாஷ் அடிப்பவர், அதைத் திசை மாற்றும் விளக்குகளோடு இன்னொன்றைச் சேர்க்கிறார்.

ஆகையால்தான் மக்கள் குஞ்சு பார்க்கக் கொஸ்கொடப் பக்கம் போகிறார்கள். தென்மேற்குக் கரையில் வரிசையாக இருக்கும் பொரிப்பகங்கள் பற்றி நீண்ட விவாதம் உண்டு. முட்டை சந்தைக்குப் போகாமல் விலை கொடுத்து வாங்கிப் பொரிக்க வைக்கிறோம் என்பது நடத்துபவர்களின் வாதம். அதில் உண்மை இருக்கிறது. நாய்களிடமிருந்தும் மனிதரிடமிருந்தும் தப்பிய முட்டைகள் அங்கு இருக்கின்றன. ஆனால் பொரித்த குஞ்சு அன்றிரவே கடலுக்குப் போக வேண்டியது. வெளிவந்த முதல் ஒரு நாளில் அதன் உடலில் மஞ்சள்கருவின் மிச்ச சக்தியும், ஓயாமல் நீந்த வைக்கும் ஒரு வேகமும் இருக்கும். கரையோரத்து மீன்களையும் பறவைகளையும் கடந்து ஆழ்கடலுக்குப் போக அது அந்தச் சக்தியைத்தான் நம்பியிருக்கிறது. சுற்றுலாப் பயணி உள்ளங்கையில் வைத்துப் படம் எடுப்பதற்காக நாட்கணக்கில் சீமெந்துத் தொட்டியில் வைத்தால், அந்த நீச்சல் முழுவதும் தொட்டிச் சுவரில் முட்டியே தீர்ந்துவிடும். பிறகு பட்டப்பகலில் கடலில் விடுகிறார்கள். உள்ளங்கைப் படத்தை யாரும் கேட்காமல் விட்டால் இந்தத் தொட்டிகள் தாமாகக் காலியாகும் என்பது என் உறுதியான எண்ணம். குழந்தைகளோடு போகிறவர்கள், இரவில் விடும் இடமாகப் பார்த்துப் போகலாம். தொட்டிக் குஞ்சைத் தொட மாட்டோம் என்று சொல்லிவிடலாம்.

தங்காலைக்கு அப்பால் ரெக்கவவில் 1990களில் கடலாமைப் பாதுகாப்புத் திட்டத்தினர் வேறொரு வழியைத் தொடங்கினார்கள். முட்டையை எடுக்காமல் இட்ட இடத்திலேயே காப்பது. அதுவரை முட்டை தோண்டி விற்றவர்களையே சம்பளத்துக்குக் காவலர்களாக அமர்த்துவது. 2006இல் அந்தக் கரை சரணாலயமாகப் பிரகடனமானது. இரவில் போகும் பார்வையாளர் மணலில் காத்திருக்க வேண்டும், சில வேளை நள்ளிரவு தாண்டியும். ஆமை ஏறி, இடம் தேடி, குழி தோண்டி முடித்து முட்டையிடத் தொடங்கிய பிறகே பின்புறமாகக் கிட்டப் போக அனுமதி. அதற்கு முன் ஒரு வெளிச்சம் பட்டால் முட்டையிடாமலே திரும்பிவிடும். பின்துடுப்புகள் இரண்டும் மாறி மாறி மணலைக் கோரி எடுக்கும் நுட்பத்தைக் காண சிவப்பு ஒளி போதும். ஒவ்வொரு துடுப்பும் நுனியைக் கரண்டிபோல் மடித்து, ஒரு கோரல் மணலை மேலே கொண்டுவந்து பக்கத்தில் வைக்கும். அடுத்த துடுப்பு குழிக்குள் இறங்குவதற்கு முன், தான் முன்பு வைத்த மணலை முன்னால் தட்டிவிடும். தான் தோண்டும் குழியை அது ஒரு முறையும் பார்ப்பதில்லை. பிறகு நூறுக்கு மேற்பட்ட முட்டைகள், ஈரமாக, இரண்டும் மூன்றுமாக விழும். கண்ணில் வழிவது அழுகையல்ல, உடலில் சேர்ந்த உப்பைக் கழிக்கும் சுரப்பு. ஃபிளாஷ் இல்லாமல், சிவப்பு ஒளியில், மணல் துகள் தெறிக்கும் மங்கலான படம்தான் அங்கு கிடைக்கும். அதைவிடத் தெளிவான படத்தை யாராவது காட்டினால் அதை எப்படி எடுத்தார் என்று கேட்க வேண்டும்.

ஹிக்கடுவவில் பேராமைகள் முழங்காலளவு நீருக்கு வருகின்றன. பகல் வெளிச்சம், தெளிந்த நீர் என்று படம் எடுக்க எல்லாம் வாய்ப்பு. கடற்பாசியைக் கையில் பிடித்து ஊட்டியபடி எடுக்கும் படங்கள்தான் அங்கு அதிகம். ஆமை வருவதும் அதற்காகத்தான். மனிதக் கையை உணவென்று பழகிய ஆமை, நாளை வள்ளத்தையும் வலையையும் நோக்கி அதே நம்பிக்கையோடு போகும். ஊட்டாமல், தொடாமல், சில மீற்றர் தள்ளி நின்றால் அது மேயும் படம் கிடைக்கும். மூச்செடுக்க மேலெழும்போது அதற்கு மேலே நீந்தி வழி மறிக்கக் கூடாது.

கொழும்பின் ஆமைப் படங்களில் மிகக் கனமானவை 2021இல் எடுக்கப்பட்டவை. அந்த ஆண்டு மே 20ஆம் திகதி துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பற்றியது. நைத்திரிக்கமிலமும் வேறு இரசாயனங்களும், ஆயிரம் தொன்னுக்கு மேல் பிளாஸ்டிக் சிறுமணிகளும் அதில் இருந்தன. ஜூன் தொடக்கத்தில் கப்பல் மூழ்கத் தொடங்கியது. கரையெங்கும் வெள்ளை மணிகள். பின் வந்த வாரங்களில் ஆமை உடல்கள் ஒதுங்கின. பருவக்காற்றுக் காலத்தில் ஆமை இறந்து ஒதுங்குவது வழமைதான் என்ற வாதமும் எழுந்தது. அப்போது சாதாரண மக்கள் தொலைபேசியில் எடுத்த படங்கள், நாளும் இடமும் தெரிகிற வரையில், சாட்சியாக நின்றன. 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் நூறு கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு செலுத்தும்படி தீர்ப்பளித்தது. 417 ஆமைகள், 48 டொல்பின்கள், 8 திமிங்கிலங்கள் இறந்ததைத் தீர்ப்பு கணக்கில் எடுத்திருந்தது. இறந்த ஆமையைப் படம் எடுக்க மனம் கூசும். எடுங்கள். பக்கத்தில் அளவுக்கு ஒரு பேனா வையுங்கள், தலையை மேலிருந்து ஒன்று, ஓட்டை முழுதாக ஒன்று, துடுப்பில் வலைக்காயம் இருந்தால் அதைக் கிட்டத்தில் ஒன்று. வெறுங்கையால் தொட வேண்டாம். வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.

தலையை மேலிருந்து எடுக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கண்களுக்கு நடுவே, மூக்குக்குப் பின்னால் உள்ள செதில்கள் ஒரு சோடி என்றால் பேராமை. இரண்டு சோடியும் கூரிய அலகும் என்றால் அழுங்காமை. ஓட்டின் பக்கத் தகடுகளை எண்ணினால் இவ்விரண்டுக்கும் நான்கு நான்கு, பெருந்தலை ஆமைக்கு ஐந்து, பங்குனி ஆமைக்குப் பெரும்பாலும் ஆறும் அதற்கு மேலும். தோணியாமைக்குத் தகடே கிடையாது, நீள வரிகள்தான். கொழும்பு நூதனசாலையின் பணிப்பாளராக 1939 முதல் 1963 வரை இருந்த பி. ஈ. பி. தெரணியகல இந்தத் தீவின் ஆமைகளை இப்படித்தான், தகடு தகடாக எண்ணிப் படம் வரைந்து, 1939இல் நூலாக்கினார். அவருக்கு இறந்த மாதிரிகள் தேவைப்பட்டன. நமக்குத் தேவையில்லை.

இன்னும் ஒரு படி போகலாம். பேராமையின், அழுங்காமையின் கன்னத்துச் செதில் அமைப்பு ஒவ்வோர் ஆமைக்கும் வேறு. இடக்கன்னம் ஒரு மாதிரி, வலக்கன்னம் வேறு மாதிரி. மாலைதீவில் நீர்மூழ்குவோர் எடுக்கும் கன்னப் படங்களைச் சேர்த்து ஆமைகளை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு பதிவேடு வைக்கிறார்கள். துளையிட வேண்டாம், பிடிக்க வேண்டாம். ஒல்லாந்து அதிகாரி வளையத்தால் கேட்ட கேள்வியை இன்று ஒரு பக்கவாட்டுப் படத்தால் கேட்கலாம். ஹிக்கடுவவுக்குப் போகும் கொழும்புக்காரர் ஒருவர் பாசி ஊட்டும் படத்துக்குப் பதிலாக இரண்டு கன்னத்தையும் எடுத்து வந்தால் அது ஆய்வுக்குப் பயன்படும்.

ஆனால் எல்லாப் படத்தையும் எல்லோருக்கும் காட்டக் கூடாது. நட்சத்திர ஆமை விடயத்தில் இது உயிர்ப் பிரச்சினை. புத்தளம், சிலாபப் பக்கம் அது பரவலாக இருந்ததாக டெனன்ட் எழுதினார். தம் தோட்டத்திலும் ஒன்றை வைத்திருந்தார். இன்று அந்த மஞ்சள் கதிர்க்கோடுகளே அதற்கு எமன். காய்ந்த புல்லில் மறைந்துகொள்ள அமைந்த கோடுகள், வெளிநாட்டுச் செல்லப்பிராணிச் சந்தையில் விலையாகிவிட்டன. அதன் வணிகத்தை முற்றாகத் தடுக்க இலங்கை, இந்தியா, பங்களாதேஷ், செனகல் ஆகிய நாடுகள் சேர்ந்து, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் மாநாட்டில் முன்மொழிந்தன. அந்த மாநாடு 2019 மே மாதம் கொழும்பிலேயே நடக்க இருந்தது. ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் உட்படப் பல இடங்களில் குண்டு வெடித்தது. கொட்டாஞ்சேனை தன் சொந்த மக்களைப் புதைத்துக்கொண்டிருந்த அந்த நாட்களில் மாநாடு தள்ளிப்போடப்பட்டு, ஆகஸ்டில் ஜெனீவாவில் நடந்தது. முன்மொழிவு நிறைவேறியது; நட்சத்திர ஆமை முதலாம் பின்னிணைப்புக்குப் போனது.

கடத்துபவர்கள் இப்போதும் இருக்கிறார்கள். தொலைபேசி எடுக்கும் ஒவ்வொரு படத்துக்குள்ளும் இடக்குறிப்பு பதிந்திருக்கக்கூடும். வில்பத்துக்குப் போகும் வழியில் நட்சத்திர ஆமையைக் கண்டால் படம் எடுங்கள். பகிர்வதற்கு முன் இடக்குறிப்பை நீக்குங்கள், மாவட்டத்தின் பெயரோடு நிறுத்துங்கள், பின்னணியில் மைல்கல்லோ கோயிலோ விழாதபடி வெட்டுங்கள். தூக்க வேண்டாம். பயத்தில் அது உடலில் சேமித்த நீரை வெளியேற்றிவிடக் கூடும். வறண்ட மாதங்களில் அந்த நீருக்கு மாற்றில்லை. முட்டைக் குழிகளுக்கும் இதே கட்டுப்பாடுதான்.

துல்லியமான இடம் தேவைப்படுபவர்கள் ஆய்வாளரும் அதிகாரிகளும்தான். கடல்வள ஆய்வுக்குரிய நாரா நிறுவனம் கொட்டாஞ்சேனைக்கு வடக்கே மட்டக்குளியில், காக்கைதீவில் இருக்கிறது. கால்வாய் ஆமைகளுக்கு நாமே தொடங்கலாம்: வெள்ளவத்தைப் பாடசாலை ஒன்றின் இயற்கைக் கழகம் ஒரு பாலத்தைத் தெரிந்தெடுக்கட்டும். மாதத்தில் ஒரே நாள், ஒரே நேரம், ஒரே இடத்திலிருந்து படம். கறுப்பு ஆமை எத்தனை, செங்காது ஆமை எத்தனை, பாலாமை தெரிந்ததா, நீர் எவ்வளவு உயரம், முந்திய நாள் மழையா என்று பக்கத்தில் ஒரு கொப்பியில் குறிப்பு. பெரிய லென்ஸ் தேவையில்லை. அடுத்த ஆண்டு வரும் மாணவர்கள் அதே பாலத்தில் நின்று தொடர வேண்டும், அவ்வளவுதான்.